ஆடியில் ஃபுளோரன்ஸ்: எட்டு நாள், இரண்டு பேர், லிஃப்ட் இல்லாத நாலாம் மாடி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊருக்குப் பத்துக்கு ஒன்பது மார்க், எங்களை அனுப்பி வைத்த ஏஜென்டுக்கு மூன்று. அந்த மூன்றும் விசா பேப்பர்களை ஒழுங்காக அடுக்கிக் கொடுத்ததற்குத்தான்.

எங்களுக்குக் கும்பகோணத்தில் பாத்திரக்கடை. ஆனி முடிகிற வரைக்கும் சீர்வரிசைப் பாத்திரம், குத்துவிளக்கு என்று மூச்சுவிட நேரம் இருக்காது, ஆடி பிறந்துவிட்டால் ஈ ஓட்ட வேண்டியதுதான். அதனால் எங்கே போவதென்றாலும் எங்களுக்கு ஆடிதான் தோது. இத்தாலியில் அது உச்சக் கோடை. அதிலும் ஃபுளோரன்ஸ் குன்றுகளுக்கு நடுவே கிண்ணத்துக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிற ஊர், காற்று உள்ளே வருவதே இல்லை, வெயில் 37, 38 டிகிரி வரை ஏறும் என்பதெல்லாம் போன பிறகுதான் தெரிந்தது. ஐரோப்பா என்றாலே குளிர் என்று நினைத்து இரண்டு ஸ்வெட்டர் எடுத்துப் போனேன். இரண்டும் மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தன.

பத்து நாளில் ஏழு நாடு என்கிற பேக்கேஜ் வேண்டாம், ஒரே ஊரில் எட்டு நாள் இருக்கிறோம் என்று இவர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். ஏஜென்டுக்கு அது பிடிபடவே இல்லை. "ஒரே ஊர்ல எட்டு நாள் என்ன சார் பண்ணுவீங்க?" என்று மூன்று தடவை கேட்டார். வெளியூர்க்காரர்கள் வேனில் வந்து ஒன்பது நவக்கிரகக் கோயிலையும் ஒரே நாளில் முடித்துவிட்டு, பிரகாரத்தில் ஒரு நிமிஷம் உட்காராமல் ஓடுவதை தினமும் பார்க்கிற ஊரில் ஆபீஸ் வைத்துக்கொண்டு இப்படிக் கேட்கிறாரே என்று எனக்குத் தோன்றியது.

விசாவுக்குத் தலைக்கு 90 யூரோ, அது போகக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, சென்னைக்குப் போய் கைரேகை. இது எல்லாருக்கும் உள்ளதுதான், விட்டுவிடுகிறேன். ரோமில் இறங்கி வேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்.

ஏஜென்ட் போட்டுக் கொடுத்த அட்டவணையில் திங்கட்கிழமை காலை உஃபிசி ஓவியக்கூடம், மாலை அக்காதெமியா அருங்காட்சியகம். ஞாயிறு ராத்திரி போய் இறங்கி, விடிந்ததும் குளித்துக் கிளம்பிப் போனால் இரண்டுக்குமே திங்கட்கிழமை வார விடுமுறை. வாட்ஸப்பில் கேட்டேன். "நெட்ல ஓப்பன்னு போட்டிருந்துச்சு மேடம்" என்று பதில், கூடவே ஒரு கும்பிடு. சரி, வேறு நாள் போகலாம் என்றால் டிக்கெட்டை அவர் எடுக்கவே இல்லை, நேரில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார். கோடையில் அங்கே நேரில் வாங்குவதென்றால் வெயிலில் வரிசையில் காய வேண்டும். ராத்திரி உட்கார்ந்து வியாழக்கிழமைக்கு நாங்களே எடுத்தோம். உஃபிசிக்கு 25 யூரோ, முன்பதிவுக்கு மேலே 4. இன்னொரு கூத்து, பகல் 12 மணிக்கு ஊரைச் சுற்றிக் காட்ட நடைப் பயணம். கத்திரி வெயிலில் மகாமகக் குளத்தை நாலு சுற்று சுற்றச் சொன்ன மாதிரி. பாதியில் கழன்றுகொண்டோம்.

தங்கிய இடம் ஊர் நடுவே ஓடும் ஆர்னோ ஆற்றுக்கு அந்தக் கரையில் ஓர் அபார்ட்மென்ட். நாலாம் மாடி என்று சொல்லியிருந்தார்கள், லிஃப்ட் கிடையாது என்று சொல்லவில்லை, அங்கே தரைத்தளத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதும் எங்களுக்குத் தெரியாது. கல் படி எண்பத்திரண்டு, நான் எண்ணினேன். ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று நகர வரி வேறு தனியாகக் கட்டச் சொன்னார்கள். 'எல்லாச் செலவும் சேர்த்து' என்று எங்கள் ரசீதில் எழுதியிருக்கிறது.

ஆனால் அறையைக் குறை சொல்ல மனசு வரவில்லை. சின்னதாக ஓர் அடுப்படி, சுத்தமான பாத்திரம். அடிப்பாகம் தடிமனான ஒரு வாணலியை இவர் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாவி கொடுக்க வந்த அம்மாள் ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தார். காலை எட்டு மணிக்கெல்லாம் ஜன்னல் மரக்கதவு மொத்தத்தையும் சாத்திவிட வேண்டும், வெயில் இறங்கிய பிறகுதான் திறக்க வேண்டும். அப்படிச் செய்தால் உச்சிவெயிலிலும் அறை பழைய ஓட்டு வீட்டு நடு அறை மாதிரி இருக்கிறது. அதற்கேற்ப நாங்களும் மாறிவிட்டோம். ஆறரைக்குக் கிளம்பி, பதினொன்றரைக்குத் திரும்பி, சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கி, ஆறு மணிக்கு மேல் மறுபடி வெளியே. அங்கே சூரியன் அஸ்தமிக்கவே எட்டே முக்கால் ஆகிறது. நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, வெயிலை எப்படி ஏமாற்றுவது என்று நமக்குத் தெரியும். பாவம், பிற நாட்டு ஆட்கள்தான் இரண்டு மணிக்குத் தக்காளி நிறத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

இவர் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததே வெண்கலக் கதவுகளுக்காக. தேவாலயத்துக்கு எதிரே எண்கோண வடிவில் ஒரு ஞானஸ்நான மண்டபம், அதற்கு கிபெர்ட்டி என்பவர் 1425 முதல் 1452 வரை, 27 வருஷம், செய்த கதவு. இப்போது மண்டபத்தில் மாட்டியிருப்பது நகல், அசல் தேவாலயத்துக்குப் பின்னாலுள்ள அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. பலர் நகலோடு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், தயவுசெய்து உள்ளே போய்ப் பாருங்கள். பத்துப் பலகை. மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வடியவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவது, சுவாமிமலையில் இன்றைக்கும் காவிரி வண்டலை வைத்துச் செய்கிறார்களே, அதே முறைதான். மேலே பொன் பூச்சு. ஒரு பலகையை ஒன்றரை அடி தூரத்தில் இருந்து பார்த்தேன். முன்னால் நிற்கிற ஆளின் தலை கையால் பிடித்துக் கழற்றிவிடலாம் போலத் துருத்திக்கொண்டிருக்கிறது. அவனுக்குப் பின்னால் உள்ளவன் பாதிதான் வெளியே. அதற்கும் பின்னால் தெரிகிற மரமும் வீடும் நகத்தால் கீறிய கோடு, அவ்வளவுதான். ஒரு விரல் கனத்துக்குள் ஒரு தெருவே போகிறது. "இத ஒரே ஊத்துல ஊத்துனானா, ஒட்டு போட்டானான்னு தெரியலியே" என்று இவர் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றார். காவலர் இரண்டு முறை வந்து தள்ளி நிற்கச் சொன்னார். நாச்சியார்கோவில் விளக்கு வாங்கப் போகும்போதும் இப்படித்தான், திருகைக் கழற்றிப் பார்க்காமல் வரமாட்டார்.

அதைவிட அவருக்குப் பிடித்தது காசே இல்லாமல் பார்த்த ஒன்று. சின்யோரியா சதுக்கத்தில் திறந்த மண்டபம் ஒன்றில் செல்லினி என்கிற சிற்பி வெண்கலத்தில் செய்த பெர்சியஸ் (கிரேக்கப் புராண வீரன்) சிலை நிற்கிறது, 1554-இல் திறந்து வைத்தது. வார்க்கும்போது உலோகம் இறுகி ஓட்டம் நின்றுவிட, வீட்டில் இருந்த வெள்ளீயத் தட்டு, கிண்ணம் எல்லாவற்றையும் அள்ளி உருக்கில் போட்டதாக செல்லினியே எழுதி வைத்திருக்கிறார். கதையைப் படித்துச் சொன்னதும் இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "ஈயம் சேர்ந்தா ஓடத்தான் செய்யும். ஆனா நம்ம கடை ரசச் சொம்பு மொத்தத்தையும் அடுப்புல போட்ட மாதிரில்ல" என்று ஆற்றமாட்டாமல் மூன்று நாள் அதையே பேசினார்.

தேவாலயத்தின் பெரிய கும்மட்டம், புருனெல்லெஸ்கி கட்டியது, 1420-இல் தொடங்கி 1436-இல் முடித்தார்கள். தரையிலிருந்து மரச்சாரம் கொடுக்காமல் எழுப்பியது, செங்கல்லை மேலே ஏற்ற மாடு பூட்டிச் சுற்றும் எந்திரம் ஒன்றையும் அவரே செய்தாராம். 463 படி. கும்மட்டத்தின் உள்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் ஏறுவதால் கடைசியில் சுவரே நம்மேல் சாய்ந்து வருகிறது. கதவு இருக்கும் அருங்காட்சியகம், மணிக்கூண்டு எல்லாம் சேர்த்து நாங்கள் 30 யூரோ கொடுத்தோம், மூன்று நாள் செல்லும். கும்மட்டத்துக்கு மட்டும் நேரம் குறித்துத்தான் விடுகிறார்கள், தவறினால் போச்சு. முட்டி வலி உள்ளவர்கள் கீழேயே இருங்கள், நான் ஏறிவிட்டு இரண்டு நாள் தைலம் தேய்த்தேன். தோளும் முட்டியும் மூடியிருந்தால்தான் தேவாலயத்தில் அனுமதி. புடவைக்குப் பிரச்சினையே இல்லை.

அக்காதெமியாவில் இருக்கிற டேவிட் சிலை 5 மீட்டருக்கு மேல் உயரம். வேறொருவர் தொடங்கிப் பாதியில் விட்டுப் பல வருஷம் கிடந்த கல்லில் மைக்கேலாஞ்சலோ செதுக்கியதாம். கூட்டத்தில் அரை மணி நேரம்தான் நிற்க முடிந்தது. பொந்தே வெக்கியோ என்கிற பழைய பாலத்தில் வரிசையாக நகைக்கடை. முன்பு கசாப்புக்கடைகளாக இருந்தவற்றை 1593-இல் காலி செய்து பொற்கொல்லர்களுக்குக் கொடுத்தார்களாம். எல்லாம் 18 காரட். நம் கடைத்தெருவில் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். எனக்குச் செலவு மிச்சம் என்று இவருக்கு மகிழ்ச்சி.

சாப்பாடு. அந்த ஊர் ரொட்டியில் உப்பே கிடையாது. மறந்துவிட்டார்கள் என்று நினைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள், அந்த வட்டாரத்து வழக்கமே அதுதான். தக்காளியும் பழைய ரொட்டியும் சேர்த்துக் கூழ் மாதிரி ஒன்று தருகிறார்கள், அதில் நம் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டால் அமிர்தம். சுத்த சைவக்காரர்கள் பார்மேசான் சீஸைத் தவிர்க்க வேண்டும், கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளை ஊற்றித்தான் பாலைத் திரிக்கிறார்கள். ஒரு வண்டிக்கடையில் குடல் குழம்பு வாசனை வந்து இவர் வேகமாகப் போனார். விசாரித்தால் மாட்டுக் குடல், அதே வேகத்தில் திரும்பினார். ஓட்டலில் உட்கார்ந்தாலே ஆளுக்கு ஒரு தொகை பில்லில் ஏறும், காப்பிக்கடையில் நின்றுகொண்டு குடித்தால் விலை குறைவு. 'லாத்தே' என்று கேட்டேன், ஒரு டம்ளர் வெறும் பால் வந்தது. அவர்கள் மொழியில் லாத்தே என்றால் பாலாம். எஸ்பிரெஸ்ஸோ கஷாயம் அளவுதான், ஆனால் நல்ல காப்பி, அதைச் சொல்லியே ஆக வேண்டும், டிகிரி காப்பிக்காரி சொல்கிறேன். தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள். சின்யோரியா சதுக்கத்திலேயே குழாய் இருக்கிறது, சாதாத் தண்ணீரும் சோடாவும் இலவசம்.

ஆடிப்பெருக்கு அன்றைக்கு அங்கேதான் இருந்தோம். காலையில் எழுந்து எலுமிச்சம்பழச் சாதமும் தயிர்ச்சாதமும் கிளறி, மஞ்சள் கயிறு இரண்டு எடுத்துக்கொண்டு சாந்தா திரினிதா பாலத்துக்கு நடந்தோம். 1944 ஆகஸ்டில், சரியாக இதே நாட்களில், பின்வாங்கிய ஜெர்மானியர்கள் பழைய பாலம் ஒன்றைத் தவிர மற்றப் பாலங்களையெல்லாம் தகர்த்துவிட்டார்கள். ஆற்றிலிருந்து கல்லைப் பொறுக்கியெடுத்து இந்தப் பாலத்தைத் திரும்பக் கட்டி, 1958-இல் திறந்திருக்கிறார்கள். கீழே ஆர்னோ பச்சையாக, மெலிந்து, ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் கிடந்தது. இதுவா 1966 நவம்பரில் ஊருக்குள் புகுந்தது என்று நம்பவே முடியவில்லை. சாந்தா குரோசே பக்கம் சுவரில் அந்த வெள்ளத்தின் மட்டத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள், இவர் கையைத் தூக்கினாலும் எட்டவில்லை. நமக்குக் கொள்ளிடம் இருக்கிறது, மிஞ்சினால் அந்தப் பக்கம் போகும். இங்கே ஊர் நடுவில் இந்த ஓர் ஆறுதான். ஆற்றில் எதையும் விடவில்லை, பிறத்தியார் ஊரில் எதற்கு வம்பு. கயிற்றை அவர் கையால் கட்டிவிட்டார், நின்ற இடத்திலேயே கும்பிட்டோம். டப்பாவைத் திறந்ததும் பக்கத்தில் நாயோடு நின்ற பாட்டி என்ன என்று சைகையில் கேட்டார், ஒரு கரண்டி கொடுத்தேன். மோர்மிளகாயைக் கடித்துவிட்டு அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை, ஆனால் இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆகஸ்ட் பிறந்ததும் கடைகளில் ஒவ்வொன்றாக 'விடுமுறை' என்று பேப்பர் ஒட்ட ஆரம்பித்துவிட்டார்கள், நாங்கள் பழகிய ரொட்டிக்கடையும் மூடிவிட்டது. உங்களுக்கு வசதிப்பட்டால் செப்டம்பர் கடைசிக்கு மேல் போங்கள். எங்களுக்கு ஆடியை விட்டால் வழியில்லை.

ஏஜென்டிடம் நகர வரிப் பணத்தைத் திருப்பிக் கேட்டாயிற்று, பார்க்கிறேன் என்றார். ஆவணியில் அவர் பெண்ணுக்குக் கல்யாணமாம், சீர்ப் பாத்திரத்துக்கு எங்கள் கடைக்குத்தான் வருவாராம். ரசீது கல்லாப்பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.