தேக்காவில் ஒரு ஜூன் விடுமுறைக் கணித வகுப்பு

உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகளை ஜூன் விடுமுறையில் சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு கடைவீட்டு மாடியில் நடக்கும் துணைப்பாட வகுப்பில் சேர்த்தேன். வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம், மொத்தம் நான்கு வாரம். கட்டணம் 240 வெள்ளி. ஏ மேத்ஸ் என்று பிள்ளைகள் சொல்லும் கூடுதல் கணிதத்தில் வரும் ‘சர்ட்ஸ்’, அதாவது √2 போல முழு எண்ணாகவோ பின்னமாகவோ எழுத முடியாத விகிதமுறா மூலங்கள், ஒன்றுதான் பாடம்.

√8 + √18 என்று கொடுத்தால் என் மகள் தயங்காமல் √26 என்று எழுதிவிடுவாள். √2 × √3 = √6 என்று பெருக்கலில் சரியாக வருவது கூட்டலில் மட்டும் ஏன் வரக்கூடாது என்று அவள் கேட்டபோது, விதி அப்படி என்பதற்கு மேல் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

முதல் நாள் பெற்றோரும் பின்வரிசையில் உட்காரலாம் என்றதால் நானும் இருந்தேன். கோலத்துக்கு வைப்பதுபோல் வரிசையாகப் புள்ளி அச்சிட்ட தாளை ஆசிரியை எல்லாருக்கும் கொடுத்தார். ஒரு புள்ளியை நடுவில் விட்டு அதைச் சுற்றியுள்ள நான்கு புள்ளிகளை இணைத்தால் சாய்ந்த சதுரம் ஒன்று கிடைக்கும்; அதன் பரப்பு 2 என்பதால் பக்கம் √2. அதே சாய்கோட்டை இரண்டு மடங்கு நீட்டிச் சதுரம் வரைந்தால் பரப்பு 8, மூன்று மடங்கு நீட்டினால் 18. இரண்டு கோடுகளையும் முனையோடு முனை சேர்த்து, ஐந்து மடங்கு நீளமுள்ள பக்கத்தின் மேல் பெரிய சதுரத்தை வரைந்த என் மகள், உள்ளே பரப்பு 2 உள்ள 25 சிறு சதுரங்களை ஒவ்வொன்றாக எண்ணி, பரப்பு 50 என்று கண்டதும், √26 என்று எழுதியிருந்ததைத் தானே அடித்துவிட்டு 5√2 என்று எழுதினாள். அந்தத் தாளை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சுருக்கும் முறையையும் ஆசிரியை பொறுமையாகவே நடத்தினார். √72-ஐ 3√8 என்று எழுதி நிறுத்தியவர்களிடம், உள்ளே இன்னும் ஏதாவது ஜோடி இருக்கிறதா என்று கேட்டு, 72-ஐ 2×2×2×3×3 என்று பகாக் காரணிகளாகப் பிரிக்க வைத்தார். ஜோடி சேர்ந்தவை ஒன்றாக வெளியே வர, தனித்து நின்ற 2 உள்ளேயே தங்கி, விடை 6√2 ஆனது. இக்காலக் கணிப்பான்கள் இந்த விடையை நேரடியாகவே காட்டிவிடுவதால்தான் தேர்வில் கணிப்பானைப் பயன்படுத்தாமல் செய்யச் சொல்கிறார்கள் என்பதையும், ஆகவே ஒவ்வொரு படியையும் எழுத வேண்டும் என்பதையும் அவர் அழுத்திச் சொன்னார்.

பின்னத்தின் பகுதியில், அதாவது கீழ் எண்ணில், உள்ள மூலத்தை ஏன் நீக்க வேண்டும் என்பதற்கு அவர் சொன்ன காரணம் எனக்கே புதிது: கையால் வகுக்கும்போது 1/√2-க்காக 1-ஐ 1.41421-ஆல் வகுப்பதைவிட, அதற்குச் சமமான √2/2-க்காக 1.41421-ஐ 2-ஆல் வகுப்பது எளிது. அதன் பிறகு 3−√2-ஐ 3+√2-ஆல் பெருக்கி 9−2 = 7 என்று மூலம் மறைவதைக் காட்டியபோது பிள்ளைகளுக்கு விளக்கம் அதிகம் தேவைப்படவில்லை.

குறை இல்லாமல் இல்லை. பயிற்சித்தாளின் விடைப்பகுதியில் 6/√3-க்கு 2√3 என்பதற்குப் பதிலாக 3√2 என்று அச்சாகியிருந்ததால், சரியாகச் செய்த பிள்ளைகளும் ஒரு மாலை முழுவதும் குழம்பினார்கள். சொன்னதும் வருத்தம் தெரிவித்து, திருத்திய தாளை மறுவாரமே கொடுத்தார்கள். இதைவிடப் பெரிய குறை, மூலம் வரும் சமன்பாடுகளுக்குக் கடைசி வகுப்பில் இருபது நிமிடமே ஒதுக்கியது. ஓர் எண்ணோடு 6-ஐக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் அதே எண் வருகிறது, அது எது என்ற கணக்கில், இருபுறமும் வர்க்கப்படுத்தினால் 3, −2 என்று இரண்டு விடைகள் கிடைக்கும். −2-ஐப் பொருத்தினால் ஒருபுறம் 2, மறுபுறம் −2 என்று வருவதால் அதைத் தள்ள வேண்டும். இந்தச் சரிபார்ப்பை என் மகள் இன்றும் மறந்துவிடுகிறாள். செப்டம்பர் விடுமுறையில் சமன்பாடுகளுக்கென்று தனி வகுப்பு வைத்தால் மீண்டும் சேர்ப்பேன் என்று ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறேன்.