பாட்டுக்காரர் இல்லாத பிளேலிஸ்ட்: நாலு கூட்டாளிமாரின் அனுபவம்

ஸ்பாட்டிஃபை என்ற இசை ஆப் இலங்கைக்கு வந்தது 2021 பெப்ரவரியில். அடுத்த வருஷம், கரண்ட் வெட்டு ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலத்தைத் தாண்டிய அந்த மார்ச் கடைசியில், நாங்கள் நாலு பேர் அதில் ஒரு கூட்டுப் பிளேலிஸ்ட் தொடங்கினோம். ஆள் பாடாத, மெதுவான இசை மட்டும்: டவுன்டெம்போ, இன்ஸ்ட்ருமென்டல் ஹிப்-ஹாப், இரண்டுக்கும் நடுவில் கிடப்பது. இன்றைக்கும் ஓடுகிறது. நாங்கள் சேர்ந்து தொடங்கிய வேறு எதுவும் (ஜிம் உட்பட) இவ்வளவு காலம் நிலைக்கவில்லை.

நாலு பேரில் ஒருவன் திருகோணமலை உப்புவெளியில் ஹோட்டல் ஒன்றில் இரவு ரிசெப்ஷன். ஒருவன் கணித டியூஷன் சொல்லிக் கொடுப்பவன். ஒருவன் கட்டாரில். நான் உவர்மலையில் வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கிறேன். வேலை நேரத்தில் தமிழ்ப் பாட்டு எனக்குச் சரிவராது. கை வேலை செய்யும், வாய் பாட்டோடு போய்விடும். வரியில்லாத இசை என்றால் அது பின்னால் தன் பாட்டில் கிடக்கும், நான் முன்னால் என் பாட்டில் கிடப்பேன்.

ஆப்பில் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. பட்டியலை உருவாக்கியவர் அழைப்பு லிங்க் அனுப்புவார், ஏழு நாளுக்குள் அதை அமத்த வேண்டும். இலவசக் கணக்குக்காரரும் சேரலாம். உள்ளே வந்தவர் எவரும் டிராக் சேர்க்கலாம், எடுக்கலாம், வரிசையை மாற்றலாம். ஒவ்வொரு டிராக்குக்குப் பக்கத்திலும் அதைச் சேர்த்தவரின் சின்னப் படம் தெரியும். கட்டார்க்காரன் கிழமைக்கணக்கில் போன் எடுக்கமாட்டான். ஆனால் அவன் படத்தோடு ஒரு டிராக் வந்து விழும். சரி, ஆள் சுகமாகத்தான் இருக்கிறான் என்று விட்டுவிடுவோம்.

முதல் சண்டை எது உள்ளே வரலாம் என்பதில்தான் வந்தது. டியூஷன்காரன் எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகளை வேகம் குறைத்து, எதிரொலி ஏற்றி, லோ-ஃபை என்று பெயர் போட்ட சரக்கைக் கொண்டுவந்து கொட்டினான். கேட்க நல்லாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பாடகர் வாய் திறந்ததும் அது பாட்டாகிவிடுகிறது, நாங்களும் சேர்ந்து பாடத் தொடங்கிவிடுகிறோம். போதாததற்கு, உரிமை இல்லாமல் ஏற்றப்பட்டவை கொஞ்ச நாளில் சாம்பல் நிறமாகி, அமத்தினாலும் ஓடாமல் கிடக்கும். அவற்றைத் தூக்கினோம்.

உடனே அவன் கேட்டான்: அமெரிக்க இசைக்காரர் மேட்லிப் 2007இல் ஹிந்திப் பட இசையை வெட்டி ஒட்டிச் செய்த பீட்கள் பட்டியலில் இருக்கலாம், நம்முடையது இருக்கக்கூடாதா? நியாயமான கேள்வி. பல நாள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளாகவே கதைத்து ஒரு முடிவுக்கு வந்தோம். குரலைத் துண்டாக்கி ஒரு வாத்தியம்போலப் பயன்படுத்தியிருந்தால் வரலாம். முழு வரி வந்தால் வராது. இந்த இசையே அப்படிப் பிறந்ததுதானே. இன்னொரு அமெரிக்கர் டிஜே ஷேடோ 1996இல் தன் முதல் ஆல்பத்தைப் பழைய இசைத்தட்டுத் துண்டுகளை எம்பிசி60 என்ற பெட்டியில் அடுக்கித்தான் செய்தார். துண்டை வைத்து என்ன கட்டினார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும், துண்டு எங்கிருந்து வந்தது என்பதை அல்ல.

அடுத்தது நீக்கும் வேலை. நான் எழுத வந்ததே இதற்காகத்தான். கூட்டுப் பட்டியலைப் பற்றிக் கதைப்பவர்கள் சேர்ப்பதைப் பற்றியே கதைக்கிறார்கள். நாலு பேர் சேர்த்துக்கொண்டே போனால் கொஞ்ச மாதத்தில் அது யாரும் கேட்காத களஞ்சியம். எங்களுடையதும் அந்த வழியில்தான் போனது. நிறுத்தியவன் ஹோட்டல்காரன். எங்களுக்கு இது வேலைக்கு நடுவில் ஒரு மணித்தியாலம். அவனுக்கு இரவு முழுக்க, மேசைக்குக் கீழே மெல்லிய சத்தத்தில். அதிகம் கேட்பவனுக்குத்தான் எது அலுக்கிறது என்று தெரியும். பியானோ, மழைச்சத்தம், தூங்கி வழியும் டிரம் என்று ஒரே அச்சில் வார்த்தவற்றை அவன் பார்த்துப் பார்த்து அடித்தான். பட்டியல் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது, ஒன்று வந்தால் ஒன்று போக வேண்டும், அடுத்தவன் போட்டதை எடுத்தால் குரூப்பில் காரணம் சொல்ல வேண்டும். இதெல்லாம் அவன் சட்டம். அதற்குப் பிறகுதான் பட்டியலுக்கு ஒரு முகம் வந்தது.

நீக்கும் முன் ஒரு பரீட்சையும் உண்டு. டச் பே கடற்கரைக்குக் கையடக்கமான புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்ப்போம். ஹெட்போனில் வயிற்றைத் தொடும் பாஸ் அங்கே இருக்காது. கச்சான் என்ற தென்மேல் காற்று அடிக்கும் மாதங்களில் ஹை-ஹாட் (டிரம் செட்டின் சின்னத் தாளத்தட்டு) மட்டும் டிக் டிக்கென்று கேட்கும், மிச்சமெல்லாம் காற்றோடு போய்விடும். அதிலும் ஒரு மெட்டு பிழைத்து வந்து காதில் விழுந்தால் அந்த டிராக் தங்கும். ஒரு நாள் பக்கத்தில் கச்சான் கடலை விற்றுக்கொண்டிருந்த ஐயா கொஞ்ச நேரம் உற்றுக் கேட்டுவிட்டு, "தம்பி, ஸ்பீக்கர் கரகரக்குது, தண்ணி பட்டிருக்கும், வெயில்ல வையுங்கோ" என்றார். அது இசைத்தட்டின் கரகரப்பு, வேண்டுமென்றே விட்டது என்று டியூஷன்காரன் விளக்கப் போனான். ஐயா நம்பவில்லை.

வரிசை விஷயத்தில் இன்னும் ஒத்துப்போகவில்லை. நான் வரிசை பார்ப்பவன்: ஒரு டிராக்கின் கடைசி கோர்டும் அடுத்ததின் முதல் கோர்டும் உறுத்தாமல் சேர வேண்டும், வேகம் 90 பிபிஎம்மிலிருந்து (நிமிஷத்துக்கு 90 அடி) 70க்கு ஒரேயடியாக இறங்கக்கூடாது. ஆனால் இலவசக் கணக்கில், கைபேசியில் வரிசை கலைந்து ஓடுவதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. ஆகவே நான் மணிக்கணக்கில் அடுக்கியது ஹோட்டல்காரனுக்கு ஒரு நாளும் கேட்கவில்லை. கிராஸ்ஃபேட் என்று ஒன்று உண்டு, ஒரு டிராக் முடியும்போதே அடுத்தது மெல்ல நுழையும், 12 செக்கன் வரை வைக்கலாம். டவுன்டெம்போவுக்கு ஐந்தாறு செக்கன் நன்றாகப் பொருந்தும். அமெரிக்க ஹிப்-ஹாப் இசைக்காரர் ஜே டில்லாவின் கடைசிக் காலத்து ஆல்பமான 'டோனட்ஸ்' போன்றவற்றுக்குப் பூச்சியத்தில் விடுங்கள். அதில் உள்ள 31 துண்டுகளில் பெரும்பாலானவை இரண்டு நிமிஷம்கூட வராது. வெட்டு விழும் இடம்தான் அங்கே அழகு, அதைத் தேய்த்துவிடக்கூடாது.

அந்த ஆல்பம் வெளியானது 2006 பெப்ரவரி 7, அவருடைய 32ஆவது பிறந்தநாளில். மூன்று நாளில் ஆள் இறந்துவிட்டார். டோக்கியோவின் ஷிபுயாவில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த, இதே வகை இசை செய்த ஜப்பானியர் நுஜாபெஸ் பிறந்ததும் அதே 1974 பெப்ரவரி 7. அவரும் 2010இல் ஒரு பெப்ரவரியிலேயே வீதி விபத்தில் போனார். இது தெரிந்ததிலிருந்து பெப்ரவரி முழுக்க நீக்கக்கூடாது என்று ஒரு சலுகை வைத்திருக்கிறோம். மார்ச்சில் கத்தி எடுப்பதற்கு ஹோட்டல்காரன் காத்துக்கொண்டிருப்பான்.

டேட்டா கணக்கு கேட்பவர்களுக்கு: ஒலித்தரத்தை 160 கேபிபிஎஸ்ஸில் வைத்தால் ஒரு மணித்தியாலத்துக்குச் சுமார் 72 எம்பி. எட்டு மணித்தியால ஷிப்டுக்கு 576 எம்பி. 96இல் வைத்தால் மணிக்கு 43தான், சின்ன ஸ்பீக்கரில் வித்தியாசமும் பெரிதாகத் தெரியாது. கட்டணக் கணக்கு இருந்தால் வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். கொழும்பு இரவு ரயிலில் கல் ஓயாப் பக்கம் காட்டுக்குள் போகும்போது அதன் அருமை தெரியும்.

ஒரு எச்சரிக்கை. பட்டியலையே அழித்தால் உருவாக்கியவர் 90 நாளுக்குள் கணக்குப் பக்கத்திலிருந்து மீட்கலாம். உள்ளிருந்து டிராக்குகளை எடுத்துவிட்டால் மீட்க அப்படி ஒரு வழி இல்லை. டியூஷன்காரனின் அக்கா மகன் போனை வாங்கி விளையாடியதில் பாதிப் பட்டியல் போனது. நினைவிலிருந்து திரும்பச் சேர்த்தோம், சிலது வரவேயில்லை. இப்போது மாதாமாதம் முழுவதையும் இன்னொரு பட்டியலுக்குப் பிரதி எடுக்கிறேன். அந்தப் பட்டியலுக்கு வேறு யாருக்கும் அனுமதி கிடையாது.

இப்போது ஹோட்டல்காரனோடு வேலை செய்யும் ஒரு தம்பி தன்னையும் சேர்க்கச் சொல்லி நச்சரிக்கிறான். நல்ல காது என்கிறான் ஹோட்டல்காரன். ஐந்தாவது ஆள் வந்தால் ஆறு மணித்தியாலம் போதுமா, போதாதா என்று குரூப்பில் குரல் பதிவுகள் பறக்கின்றன. அந்தத் தம்பி சேர்க்க நினைக்கும் மூன்று டிராக்கும், நீக்க நினைக்கும் மூன்று டிராக்கும் முதலில் வரட்டும் என்று சொல்லியிருக்கிறோம். சேர்ப்பதை அன்றைக்கே அனுப்பிவிட்டான். நீக்குவது இன்னும் வரவில்லை, லிங்கும் இன்னும் போகவில்லை.