இரண்டு தடவை கழன்ற கிரவுன், இங்கே ஒட்டிய பிறகு அசையவில்லை

கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் போட்ட சிர்கோனியா (ஒரு வகைக் கெட்டியான பீங்கான்) கிரவுன், அதாவது பல்லின் மேல் மாட்டும் உறை, எட்டு மாதத்துக்குள் இரண்டு தடவை கழன்றது, இரண்டாவது தடவை வெள்ளவத்தையில் ஒரு கலியாணப் பந்தியில். முதலில் போட்ட இடத்தில் (பெயர் வேண்டாம்) இரண்டு முறையும் கழுவி, பசை வைத்து, கடிக்கச் சொல்லி, பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். பல் குட்டை, அதுதான் காரணமாம்.

பம்பலப்பிட்டியில் இந்தக் கிளினிக்குக்கு வந்தபோது டொக்டர் புதுக் கிரவுன் விற்கப் பார்க்கவில்லை. பல் குட்டை என்றால் கிரவுனை இறுக்கிப் பிடிக்க இடம் குறைவு, அப்படியானால் ஒட்டுவதில்தான் கூடுதல் கவனம் வேண்டும் என்றார். பழைய பசையைச் சுரண்டி, போட்டுப் பார்த்து, கழற்றி, அதன் பிறகுதான் உட்பக்கத்தில் 50 மைக்ரோன் அலுமினாத் தூளைக் குறைந்த அழுத்தத்தில் அடித்தார். ஏன் போட்டுப் பார்த்த பிறகு? எச்சிலில் உள்ள பொஸ்பேட் சிர்கோனியாவில் போய் ஒட்டிக்கொள்ளும், வெறும் தண்ணீரில் கழுவினால் போகாது, தூள் அடித்தால் போய்விடும். பொஸ்போரிக் அமிலத்தால் துடைத்தால் நிலைமை இன்னும் மோசம், எம்டிபி (சிர்கோனியாவைப் பிடித்துக்கொள்ளும் ஒரு ரசாயனம்) உள்ள பிரைமர், அதாவது பசைக்கு முன் பூசும் திரவம், பிடிக்க வேண்டிய இடத்தை அந்த அமிலத்தின் பொஸ்பேட்டே பிடித்துவிடுமாம். அப்புறம் பிரைமர், ரெசின் சீமெந்து என்ற பசை. எச்சில் படாமல் பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பும் கட்டினார், தாடை நன்றாக வலித்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அன்றைக்கே முன்பல்லுக்கு லித்தியம் டைசிலிகேட் என்ற வேறு வகைப் பீங்கான் கிரவுனும் ஒட்டினார், அதற்கு முறையே வேறு. வாய்க்கு வெளியே 5 சதவீத ஹைட்ரோபுளோரிக் அமிலம் 20 செக்கன், கழுவிக் காயவைத்து சைலேன் (பீங்கானையும் பசையையும் இணைக்கும் திரவம்). அதில் கண்ணாடிப் பகுதி உண்டு, அமிலம் அதைக் கரைத்துச் சொரசொரப்பாக்கும், பசை அந்த இடுக்குகளுக்குள் இறங்கும். சிர்கோனியாவில் கரைவதற்குக் கண்ணாடியே இல்லை, அதனால் இந்த அமிலத்தால் பயனில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து விளங்கப்படுத்தியபோதுதான், இவ்வளவு நாளும் பொருளின் பெயரை மட்டும் கேட்டுக் காசு கொடுத்தேனே, எப்படி ஒட்டப்போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று எனக்கு உறைத்தது.

இரண்டு பல்லுக்கும் ஒன்றரை மணி நேரம். காசு கொஞ்சம் கூட, சனிக்கிழமை என்றால் காத்திருக்க வேண்டும், லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடி வயதானவர்களுக்குக் கஷ்டம். பதினொரு மாதமாகிறது, இரண்டும் அசையவில்லை. அம்மாவையும் அடுத்த கிழமை கூட்டிக்கொண்டு வருகிறேன், படியில் மெதுவாக ஏற்றிவிடலாம்.