விலை 280 ரூபாய், நான்கு பக்கம் குறைவு: ஆப்பிரிக்க விடுதலை பற்றிய ஒரு பாடக்குறிப்பு

குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் பொது அறிவு முதல் தாளில் உலக வரலாறும் உண்டு. காலனி நாடுகளின் விடுதலை பற்றித் தமிழில் உருப்படியான நூல் கிடைப்பது அரிது என்பதால், தஞ்சாவூரில் ஒரு பயிற்சி மையம் தனியே விற்கும் பாடக்குறிப்பை, தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் என் தங்கை மகளுக்காகச் சென்ற மாதம் வாங்கினேன். ஆப்பிரிக்கத் தேசியத் தலைவர்களைப் பிரிட்டன் எப்படி நடத்தியது என்பதுதான் அதன் பொருள். மன்னார்குடிப் பக்கத்துப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகள் வரலாறு நடத்தியவன் என்பதால், அவளிடம் கொடுப்பதற்கு முன் நானே ஒரு முறை படித்துவிட்டேன்.

92 பக்கம், ஸ்பைரல் கட்டு, நகலெடுத்த தாள். அட்டைக்கு அடுத்திருக்கும் வரைபடம் நன்று: கோல்ட் கோஸ்ட், நியாசாலாந்து, பெச்சுவானாலாந்து ஆகிய பழைய பெயர்களுக்குக் கீழேயே கானா, மலாவி, போட்ஸ்வானா என்று இன்றைய பெயர்களும் விடுதலை பெற்ற ஆண்டுகளும் உள்ளன. ஆனால் என் பிரதியில் 41 முதல் 44 வரையிலான பக்கங்கள் இல்லை. இரண்டு முறை பேருந்து ஏறிப் போய்க் கேட்ட பிறகுதான் நான்கு தாள்களை உதிரியாகக் கொடுத்தார்கள், துளைகூடப் போடவில்லை.

இதெல்லாம் சின்னக் குறை. என் பெரிய மனத்தாங்கல் ஓர் அட்டவணையைப் பற்றியது. 23ஆம் பக்கத்தில் தலைவர்களை ‘மிதவாதிகள்’, ‘தீவிரவாதிகள்’ என இரண்டு பத்தியாகப் பிரித்து, கென்யாவின் ஜோமோ கென்யாட்டாவைத் தீவிரவாதிகள் பக்கம் வைத்திருக்கிறார்கள். 58ஆம் பக்கத்தில் அதே மனிதர் ‘மேற்கு நாடுகளுக்கு இணக்கமான மிதவாதி’ ஆகிவிடுகிறார். இடையில் அவர் மாறினாரா, அவரைப் பார்த்தவர்கள் மாறினார்களா என்ற கேள்வியைக் குறிப்பை எழுதியவர் எழுப்பவே இல்லை. தேர்வில் கேட்கப்படக்கூடிய கேள்வியோ அதுதான்.

கென்யாட்டா 1952 ஆகஸ்டில் கியாம்புவில் கூடிய பெருங்கூட்டத்தில், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக ஆயுதம் ஏந்திய மாவ் மாவ் இயக்கத்தை வெளிப்படையாகக் கண்டித்தவர். அப்படியிருந்தும் அக்டோபர் 20 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதும் கைதானார்; அந்த இயக்கத்தை நடத்தியவர் என்று கபெங்குரியாவில் வழக்கு நடந்து, 1953இல் ஏழு ஆண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. (அவருக்காக வாதாடும் குழுவில் சேர இந்தியாவிலிருந்து திவான் சமன்லால் போனதை நம் மாணவர்களுக்கான குறிப்பில் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.) தண்டனைக் காலம் முடிந்த பின்னும் அவரை விடாத கென்யாவின் பிரிட்டிஷ் ஆளுநர் ரெனிசன், 1960இல் அவரை ‘இருளுக்கும் மரணத்துக்கும் இட்டுச் செல்லும் தலைவர்’ என்றார். மூன்றே ஆண்டுகளில் அந்தத் தலைவர் பிரதமர். 1963 ஆகஸ்டில் நகுருவில் வெள்ளையர் பண்ணை முதலாளிகளிடம், பழையதை மன்னித்து மறப்போம், இங்கேயே இருந்து விவசாயம் செய்யுங்கள் என்று அவர் பேசினார். 1964 ஜனவரியில் தம் ராணுவத்தில் கலகம் வந்தபோது பிரிட்டிஷ் படையையே உதவிக்கு அழைத்தார். அதன் பிறகு லண்டனுக்கு அவரைவிட வேண்டியவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் இல்லை. ஆக, ‘தீவிரவாதி’ என்பது கென்யாட்டாவின் குணத்தைச் சொன்ன சொல் அன்று; அந்தந்த ஆண்டில், காலனிகளை நிர்வகித்த லண்டன் காலனி அலுவலகத்துக்கு இருந்த தேவையைச் சொன்ன சொல். அதை ஆராயாமல் அட்டவணையாக்கி மாணவர்களை மனப்பாடம் செய்யச் சொல்வது, ஆளுநரின் கோப்பை அப்படியே நகலெடுத்து விற்பதற்குச் சமம்.

கானாப் பகுதியிலும் இதே கோளாறுதான். 1951 பிப்ரவரித் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய 38 இடங்களில் 34ஐ அந்நாட்டு விடுதலைத் தலைவர் நிக்ருமாவின் கட்சி பிடித்தது; அவர் அப்போது சிறையில் இருந்தார். ஆளுநர் ஆர்டன்-கிளார்க் அவரை விடுவித்து ஆட்சியில் அமர்த்தியதை ‘பெருந்தன்மை’ என்று குறிப்பு எழுதுகிறது. விடுவிக்காமல் வேறு யாரை வைத்து ஆண்டிருக்க முடியும்? இது காவிரிக் கரைக்காரர்களுக்குப் புரியாத கதையன்று. 1930இல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தவர்களுக்குச் சோறும் திண்ணையும் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். நடத்திச் சென்ற ராஜாஜி சிறைக்குப் போனார். பதினெட்டு ஆண்டுகளில் அவரே கவர்னர் ஜெனரல். அதைப் பெருந்தன்மை என்று இங்கே யாரும் சொல்வதில்லை.

நியாசாலாந்து அத்தியாயத்தை மட்டும் மனமாரப் பாராட்டுகிறேன். வேறு யாரோ எழுதியது போலிருக்கிறது. 1959 மார்ச் 3 அன்று நெருக்கடி நிலை வந்ததும், பல ஆண்டுகள் இங்கிலாந்தில் மருத்துவராக இருந்து திரும்பிய ஹேஸ்டிங்ஸ் பண்டாவைப் பிடித்துக் குவேலோ சிறையில் வைத்தார்கள். வெள்ளையரைக் கொன்று குவிக்கத் திட்டம் இருந்தது என்பது அரசு சொன்ன காரணம். பிரிட்டனே அமைத்த டெவ்லின் விசாரணைக் குழு அந்தச் சதிக் கதையை ஏற்கவில்லை. தற்காலிகமாகவேனும் அது ஒரு போலீஸ் ராஜ்யம் என்று எழுதியது. பிரிட்டிஷ் பிரதமர் மக்மில்லனின் அரசு அந்த அறிக்கையை நிராகரித்துவிட்டு, 1960 ஏப்ரல் 1 அன்று பண்டாவையும் விடுவித்தது. இந்த முரணைப் பூசி மெழுகாமல் இரண்டு பக்கத்தில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்.

விடுபட்டவையும் உண்டு. வெள்ளைக்காரப் பெண்ணை மணந்ததற்காக நாடுகடத்தப்பட்டு, பிறகு போட்ஸ்வானாவின் முதல் குடியரசுத் தலைவரான செரெட்சே காமாவுக்கு வரைபடத்தில் ஒரு புள்ளி மட்டுமே. 1959இல் கென்யாவின் ஹோலா தடுப்பு முகாமில் பதினொரு கைதிகள் அடித்துக் கொல்லப்பட்டதற்கு அரை வரி. மாவ் மாவ் காலத்தில் நடந்த சித்திரவதைகளுக்காக 2013இல் பிரிட்டிஷ் அரசு வருத்தம் தெரிவித்து, கென்யர்கள் 5,228 பேருக்காக 1.99 கோடி பவுண்டு ஒதுக்கியது அறவே இல்லை.

280 ரூபாய்க்கு வாங்கலாமா என்றால், வரைபடத்துக்காகவும் நியாசாலாந்துக்காகவும் வாங்கலாம். 23ஆம் பக்க அட்டவணையின் மேல் நான் குறுக்குக் கோடு போட்டுத்தான் தங்கை மகளிடம் கொடுத்தேன். வாங்குகிறவர்கள் கடை வாசலிலேயே பக்கங்களை எண்ணிப் பார்த்துவிடுங்கள்.