திதி தெரிந்த மென்பொருள்: ஒரு யூத ஆலய அலுவலகத்திலிருந்து

நியூ ஜெர்சியில் ஒரு யூத ஜெப ஆலயத்தில் பகுதிநேரமாகக் கணக்கு எழுதுகிறேன். அங்கே வருகிறவர்கள் அதை 'ஷூல்' என்பார்கள். 2020-இல் கொரோனாவால் கட்டடம் பூட்டிக் கிடந்தபோது, ஜெப ஆலயங்களுக்கென்றே செய்த ஒரு மென்பொருளுக்குச் சந்தா கட்டினோம். உறுப்பினர் பட்டியல், நன்கொடைப் பக்கம், ரசீது எல்லாம் அதற்குள்தான். அன்றிலிருந்து அதோடுதான் மல்லுக்கட்டு.

நன்கொடைப் பக்கத்தில் பெரிய படம் போட்டு, நிரம்பும் கோடு வைத்து நாங்கள் நடத்திய வசூல்களை விட, சத்தமில்லாமல் பணம் கொண்டுவருவது யார்சைட் நினைவூட்டல். யார்சைட் என்றால் நம்மூர்த் திதிதான். இறந்தவருக்காக வருடம் ஒருமுறை ஹீப்ரு நாட்காட்டிப்படி ஒரு நாள் முழுக்க எரியும் மெழுகுவர்த்தி ஏற்றி, கதீஷ் என்ற பிரார்த்தனை சொல்லி, தர்மம் செய்வார்கள். ஆங்கிலத் தேதி ஒவ்வொரு வருடமும் மாறிவிடும் என்பதால் பலருக்கு நினைவிருக்காது. மென்பொருள் கணக்கிட்டு முன்கூட்டியே மெயில் அனுப்பும். கீழே நன்கொடைக்கான சுட்டி இருக்கும்.

ஆனால் ஹீப்ரு நாள் சூரியன் மறைந்ததும் தொடங்கிவிடும். இரவு பத்து மணிக்கு இறந்தவருக்கு மறுநாள் தேதிதான் கணக்கு. அதற்கென்று படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. பழைய அட்டைகளிலிருந்து எக்ஸெல் வழியாக ஏற்றும்போது அந்தக் கட்டத்தை நான் கவனிக்கவில்லை. "அப்பாவுக்கு நாளைக்குத்தானே, இன்றைக்கே ஏற்றச் சொல்கிறீர்களே?" என்று ஒரு அம்மா போன் செய்த பிறகுதான் தெரிந்தது. அட்டைகளை மறுபடி புரட்ட இரண்டு வாரம் ஆனது.

அதை விடப் பெரிய தலைவலி ஹீப்ரு நாட்காட்டியின் அதார் மாதம். 19 வருடத்தில் 7 வருடங்களுக்கு அதார் இரண்டு முறை வரும். 2024 அப்படிப்பட்ட வருடம். சாதாரண வருடத்து அதாரில் இறந்தவர்களுக்கு, அஷ்கெனாசி (ஜெர்மனி, கிழக்கு ஐரோப்பா வழி வந்த யூதர்கள்) வழக்கப்படி முதல் அதார், செஃபார்டி (ஸ்பெயின் வழி வந்தவர்கள்) வழக்கப்படி இரண்டாவது. மென்பொருளோ எல்லோருக்கும் இரண்டாவதிலேயே மெயில் போட்டது. அமைப்புகளுக்குள் அதை மாற்ற வழி இருக்கிறது. எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் மாதம் ஓடிவிட்டது.

அடுத்தது 18. நம்மூர் மொய்யில் 101, 501 போல இவர்களுக்கு 18-இன் மடங்குகள். 'உயிருள்ள' என்று பொருள்படும் ஹீப்ருச் சொல்லின் எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டினால், 8-உம் 10-உம் சேர்ந்து 18. நன்கொடைப் பக்கத்தில் 25, 50, 100 என்றிருந்த பொத்தான்களை 18, 36, 180 என மாற்றினேன். அப்புறம் கார்டு கமிஷன்: 2.9 சதவீதமும் 30 சென்ட்டும். 18 டாலர் கொடுத்தால் 17.18தான் கைக்கு வரும். 'கமிஷனை நானே ஏற்கிறேன்' என்ற கட்டத்தில் முன்கூட்டியே டிக் விழுந்திருக்கும். ஒரு பெரியவர் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "நான் கொடுத்தது 18, இதென்ன 18.85?" நியாயம்தான். அன்றே டிக்கை எடுத்துவிட்டேன், நஷ்டம் எங்களுக்கு.

வெள்ளி சூரியன் மறைந்ததிலிருந்து சனி இரவு வரை யூதர்களின் ஓய்வு நாள் என்பதால் நன்கொடைப் பக்கம் தானாக மூடிக்கொள்ளும். ஆனால் எங்கள் ஊர் நேரத்துக்குத்தான். சனி இரவு இங்கே திறக்கும்போது, கலிபோர்னியாவில் இருக்கும் உறுப்பினருக்கு ஓய்வு நாள் இன்னும் முடிந்திருக்காது.

யோம் கிப்பூர் என்ற நோன்பு நாள் தொடங்கும் மாலையின் நன்கொடை வேண்டுகோளுக்கு மட்டும் இன்றும் காகிதம்தான். அன்று எழுதக்கூடாது என்பதால், ஓரத்தில் தொகைகள் அச்சிட்ட அட்டையில் வேண்டிய நுனியை மடித்துக் கொடுப்பார்கள். மறுநாள் இரவுக்குப் பிறகு அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்வது என் வேலை. அரைகுறையாக மடிந்த நுனி 180-ஆ 360-ஆ என்று குழம்புவதும் உண்டு.

250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தால் வரிக்கழிவுக்கு வேண்டிய வாசகத்தோடு ரசீது தானே போய்விடுகிறது. அதில் ஒரு குறையும் இல்லை.

இந்த வருடமும் சந்தாவைப் புதுப்பித்துவிட்டோம். 2027-இல் மறுபடி இரண்டு அதார். அந்த மாதத்துப் பெயர்களை மட்டும் தனியாக பிரிண்ட் எடுத்து, யார் எந்த வழக்கம் என்று பென்சிலில் குறித்து வைத்திருக்கிறேன்.