புலியா, உப்புவிரும்பியா?

உயிரியல் செய்முறைக்குப் புலியை எடுப்பதா, உப்பை விரும்பும் நுண்ணுயிரான ஹாலோபாக்டீரியத்தை எடுப்பதா என்று குழம்புகிறவர்களுக்கு:

உணவு: புலிக்கு இறைச்சி, ஒரே வேளையில் 30 கிலோகூட உள்ளே போகும். நுண்ணுயிருக்குக் கரைந்த அமினோ அமிலங்கள். ஆக்சிஜன் குறைந்தால் ஊதா நிறச் சவ்வால் வெளிச்சத்திலிருந்தே ஆற்றல் எடுத்துக்கொள்ளும்.

தண்ணீர்: புலி குளத்தில் கழுத்தளவு அமிழ்ந்து கிடக்கும். நுண்ணுயிருக்கோ கடல்நீரே போதாது, அதைவிட ஐந்தாறு மடங்கு உப்பு வேண்டும். நல்ல தண்ணீரில் விட்டால் செல் வெடித்துவிடும். உப்பளப் பாத்திகள் இளஞ்சிவப்பாகத் தெரிய இந்த இனத்தாரும் ஒரு காரணம்.

பெருக்கம்: புலிக்குச் சுமார் 100 நாள் கர்ப்பம், நுண்ணுயிரோ சில மணி நேரத்தில் இரண்டாகப் பிரிந்துவிடும்.

அப்புறம், பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்: ஹாலோபாக்டீரியம் பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா என்ற தனி நுண்ணுயிர் வகை. இதற்குப் பாக்டீரியாவைவிடப் புலிதான் நெருங்கிய உறவு!

வேட்டை, காடு பற்றி எழுத ஆசையா, புலி. நுண்ணோக்கியும் பொறுமையும் இருந்தால் உப்புவிரும்பி.