மெல்லிய கோட்டில் கல்யாணப் பத்திரிகை: கட்டமரானா, அரிமாவா, கவிவாணரா?

தங்கை கல்யாணப் பத்திரிகையின் முகப்பு எழுத்து மெலிசாக, கொஞ்சம் நெளிவோடு, இழைக்கோலம் போல இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கடை கடையாக ஏறி இறங்குவதற்கு முன்னால் மூன்று எழுத்துருக்களில் ‘திருமண அழைப்பிதழ்’ என்று அடித்துப் பார்த்தேன். மூன்றும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். திறந்த உரிமம் என்பதால் அச்சுக்கும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

மெல்லிய கோடு தமிழுக்கு வெறும் அலங்காரம் இல்லை. ‘ண’வில் மூன்று சுழியும் ஓர் எழுத்துக்குள் அடங்க வேண்டும். கோடு தடித்தால் உள்ளிருக்கும் வெள்ளை இடம் அடைபட்டுப்போகும். மெலிந்தால் சுழி ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும்.

கவிவாணர் தாரிக் அஸீஸ் வடிவமைத்தது. சாய்ந்த கையெழுத்துச் சாயல், அழகு. ஆனால் ஒரே தடிமன்தான். மெலிய வைக்க வழியில்லை.

கட்டமரான் பிரியா ரவிச்சந்திரனுடையது. நம் கட்டுமரம்தான் ஆங்கிலம் போய்த் திரும்பிய பெயர். 100 (மிக மெலிசு) முதல் 900 (மிகத் தடிப்பு) வரை ஒன்பது தடிமன். 100இல் கோடு எங்கும் ஒரே சீராக ஓடும். கட்டடக் கலைஞர் அலுவலகப் பலகைக்கு இதைத்தான் சொல்வேன். கல்யாணத்துக்குக் கொஞ்சம் விறைப்பு.

அரிமாவில்தான் நான் தேடிய குழைவு இருந்தது. முனைகள் மிருதுவானவை, பேனாவின் ஓட்டம் தெரியும். இதுவும் 100இல் தொடங்குகிறது.

சரி, அரிமா 100 என்று முடிவு செய்து, கையால் செய்த சொரசொரப்பான தாளில் தங்க ஃபாயிலில் (பளபளக்கும் மெல்லிய தாள்) மாதிரி அச்சு ஒன்று போடச் சொன்னேன். வந்த மாதிரியில் ‘அழைபபிதழ’ என்று இருந்தது. இரண்டு புள்ளியையும் காணோம். சூடான உலோக அச்சு ஃபாயிலைத் தாளில் அழுத்தும்போது, மிகச் சிறிய இடம் தாளின் மேடு பள்ளத்தில் சரியாக ஒட்டாது. ஓலைச்சுவடியில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று விட்டுவிட்டார்கள், படிப்பவர்கள் ஊகித்துக்கொண்டார்கள். தங்கையின் பத்திரிகையில் எப்படி விடுவது?

அதனால் அரிமாவையே 300க்கு ஏற்றி, எழுத்தளவையும் கூட்டி, வழவழப்பான தாளுக்கு மாறினேன். புள்ளிகள் நின்றன, குழைவும் போகவில்லை. கரும்பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்று இன்னொரு யோசனையும் இருந்தது. அங்கே மை இரு பக்கமும் பரவிக் கோட்டை விழுங்கும் என்பதால் கைவிட்டேன். முகூர்த்த நேரம், மண்டப முகவரி எல்லாம் கட்டமரான் 400. சின்ன எழுத்தில் அதுதான் தெளிவு.

அப்புறம், கணினிக் கோப்பை அப்படியே அச்சகத்தில் கொடுக்காதீர்கள். யூனிகோட் தெரியாத பழைய மென்பொருளில் ‘ழை’யின் கொம்பு ‘ழ’வுக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்தைக் கர்வாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி, பிடிஎஃப் எடுத்து, பெரியவர் ஒருவரிடம் ஒரு தடவை படிக்கக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.